மாவுப்பூச்சியை வென்ற குளவி: வெற்றியின் வேர் மரபணுவில்

புதுதில்லி: 2008-ஆம் ஆண்டின் மழைக்காலம். தலைநகரின் களைச்செடிகளிலும் செம்பருத்திப் புதர்களிலும் வெள்ளை மாவைத் தூவியதுபோல் மாவுப்பூச்சிகள் அப்பிக்கிடந்தன. பஞ்சாப், ஹரியாணா, குஜராத், மகாராஷ்டிரம் எனப் பருத்தி விளையும் மாநிலங்களை முந்தைய இரண்டு ஆண்டுகளாகக் கலங்கடித்துவந்த அதே பூச்சி. அவற்றை உற்றுநோக்கிய பூசா வளாக விஞ்ஞானிகள் ஒரு விந்தையைக் கண்டனர். பூச்சிகளில் பல, வெண்மை இழந்து செம்பழுப்பு நிறத்தில் உப்பி, தோல் தடித்து, வெறும் கூடுகளாக ஒட்டிக்கிடந்தன. கூட்டில் வட்டமாக ஒரு துளை. உள்ளே வளர்ந்து, உள்ளிருந்தே பூச்சியைத் தின்று முடித்த ஏதோ ஒன்று அந்தத் துளை வழியே வெளியேறியிருந்தது.

அந்த 'ஏதோ ஒன்று' இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள கறுப்புநிறக் குளவி. அதை யாரும் இறக்குமதி செய்யவில்லை. எந்த ஆய்வுக்கூடமும் வளர்த்து வெளியிடவில்லை. ஆனால் அந்த ஆண்டு முதல் பருத்தி மாவுப்பூச்சியின் ஆட்டம் அடங்கத் தொடங்கியது.

பஞ்சாபின் மால்வா வட்டாரத்தில் 2007-ஆம் ஆண்டு நேர்ந்ததை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி அப்போது வேகமாகப் பரவிவந்தது. அது காய்ப்புழுவைக் கொல்லுமே தவிர, சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியை ஒன்றும் செய்யாது. மாவுப்பூச்சியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெழுகுப் படலத்தில் பூச்சிமருந்து ஒட்டுவதில்லை. விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்து தெளித்தனர். பயனில்லாதபோது பயிரையே உழுது அழித்தனர். மருந்தால் சாதிக்க இயலாததை ஒரு குளவி எப்படிச் சாதித்தது?

அந்தக் குளவியின் மாதிரிகள் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முகம்மது ஹயாத்திடம் சென்றன. நுண்குளவிகளை வகைப்படுத்துவதில் உலக அளவில் மதிக்கப்படுபவர் அவர். அதைப் புதிய இனம் என முடிவுசெய்த ஹயாத், ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக்கான தேசிய மையத்தின் இயக்குநராக அப்போது இருந்த பம்பாவாலேயின் பெயரைச் சேர்த்து 'ஏனேசியஸ் பம்பாவாலெய்' என்று 2009-இல் பெயரிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் பழைய மாதிரிகளுடன் ஒப்பிட்டுப் பார்த்த வேறு சில ஆய்வாளர்கள், 1915-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் குளவி ஒன்றுக்கு ஜிரால்ட் என்பவர் சூட்டிய 'அரிசோனென்சிஸ்' என்ற பெயரே இதற்கும் உரியது என நிறுவினர். மாவுப்பூச்சியும் முதன்முதலில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து 1898-இல் விவரிக்கப்பட்டதே. ஆக, பகையாளி கப்பலேறியபோதே அவனுக்கு எமனும் உடன் ஏறி வந்திருக்கிறான். வந்தது எத்தனை குளவிகள்? ஒருவேளை, ஏதோ ஒரு செடியில் ஒட்டியிருந்த சில கூடுகள் மட்டுமே.

இங்குதான் மரபியல் வல்லுநர்களின் ஆர்வம் தொடங்குகிறது. ஒருசில உயிர்களிலிருந்து பெருகும் எந்தக் கூட்டமும் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்தாக வேண்டும். கால்நடைகளில் இதன் கேடு என்னவென்பது விவசாயிகளுக்குத் தெரியும்: கன்று நலிவுறும், சினை நிற்காது. ஆனால் இந்தக் குளவியோ வடக்கு முதல் தெற்கு வரை பரவி நிலைத்துவிட்டது.

பராகுவேயிலிருந்து சேலம் வரை

அழைப்பின்றி வந்த குளவியைப் போலவே, அரசு அனுமதியுடன் வரவழைக்கப்பட்ட குளவிகளும் இதே புதிரை முன்வைக்கின்றன. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தென்பட்டு, பப்பாளியுடன் மல்பெரி, மரவள்ளி என எல்லாவற்றையும் தாக்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டன. அவற்றுள் 'ஏசிரோஃபேகஸ் பப்பாயே' என்பது தமிழகத்திலும் அண்டை மாநிலங்களிலும் வெளியிடப்பட்டுப் பூச்சியை அடக்கியது.

அடுத்து வந்தது மரவள்ளி மாவுப்பூச்சி. கேரளத்தின் திருச்சூரில் 2020-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இது, சேலம், நாமக்கல் வட்டாரங்களின் மரவள்ளித் தோட்டங்களுக்குப் பாய்ந்தது. ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளை நம்பியிருக்கும் பகுதி அது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 'அனகைரஸ் லோப்பெசி' என்னும் குளவியை வரவழைத்தது. வேளாண் அமைச்சகத்தின் பயிர்ப் பாதுகாப்பு, தடுப்புக் காப்பு இயக்ககத்தின் அனுமதியும், தனிமைப்படுத்திய கூடங்களில் சோதனையும் முடிந்த பின், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் 2022 மார்ச்சில் அது வெளியிடப்பட்டது.

இந்தக் குளவியின் பயணத்தைத் திரும்பிப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. 1970-களில் அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பரவிய மாவுப்பூச்சி, கோடிக்கணக்கான ஏழைகளின் அன்றாட உணவான மரவள்ளியைச் சூறையாடியது. 1981-இல் பராகுவேயில் இப்பூச்சியும் அதன் குளவியும் கண்டறியப்பட்டன. குளவிகள் பிரிட்டனில் தனிமைப்படுத்தி வளர்க்கப்பட்டு, நைஜீரியாவின் இபடானுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து ஆப்பிரிக்கா எங்கும் பரப்பப்பட்டன. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரெனுக்கு 1995-ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பராகுவே, பிரிட்டன், நைஜீரியா, பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர். ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு கூட்டம் மட்டுமே அடுத்த படிக்குச் சென்றது. ஊசிக்காது போன்ற இத்தனை வாசல்களில் நுழைந்து வந்தும் அந்த வம்சம் நலியவில்லை.

தந்தையில்லா மகன்கள்

புதிரின் முதல் விடை, குளவிகளின் பிறப்பு விதியிலேயே இருக்கிறது. தேனீ, எறும்பு, குளவி ஆகிய இவ்வினம் முழுவதற்கும் பொதுவான விதி அது: கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். பெண்ணுக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு தொகுதி குரோமோசோம்கள். ஆணுக்குத் தாய் வழியில் வந்த ஒரே தொகுதி. ஆண் குளவிக்குத் தாத்தா உண்டு, தந்தை கிடையாது. தேனீக்களில் இவ்வுண்மையை 1845-ஆம் ஆண்டிலேயே கண்டுரைத்தவர் சிலேசியாவைச் சேர்ந்த ட்சியெர்சோன் என்ற பாதிரியார்.

இதனால் விளையும் நன்மை பெரிது. மனிதரிலும் மாட்டிலும் ஒரு கெட்ட மரபணு, அதன் இணையான நல்ல மரபணுவின் நிழலில் தலைமுறை தலைமுறையாக ஒளிந்திருக்கும். நெருங்கிய உறவில் மணம் புரியும்போது அவ்விரு கெட்டவை ஒன்று சேர்ந்து நோயாக வெளிப்படும். ஆண் குளவியிடம் அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. இருப்பது ஒரே தொகுதி என்பதால், குறையுள்ள மரபணு உடனே வெளிப்பட்டு, அதைச் சுமக்கும் ஆணோடு அழிந்துபோகும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஆண்களே சல்லடை. இவ்வாறு கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சலிக்கப்பட்டு வந்த மரபில் கெட்டவை குறைவு. சிறு கூட்டமாகச் சுருங்கினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை.

ஆனால் இது எல்லாக் குளவிகளுக்கும் பொருந்தாது. தென்னையின் கருந்தலைப்புழுவுக்கு எதிராகத் தென்னிந்தியாவில் வெளியிடப்படும் பிரக்கோனிட் குளவிகளை எடுத்துக்கொள்வோம். அக்குடும்பத்தைச் சேர்ந்த 'பிரக்கான் ஹெபெட்டார்' குளவியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க மரபியலாளர் வைட்டிங், 1943-இல் ஒரு விந்தையான விதியை உறுதிப்படுத்தினார். இதில் பாலினத்தை நிர்ணயிக்கும் இடம் ஒன்று உள்ளது. அந்த இடத்து மரபணுவுக்குப் பல வடிவங்கள். இருவேறு வடிவங்கள் சேர்ந்தால் பெண். ஒன்று மட்டுமே இருந்தால் ஆண். தாயும் தந்தையும் ஒரே வடிவத்தைத் தந்துவிட்டால், கருவுற்ற முட்டையாக இருந்தும் அது ஆண்தான்! இந்த இரட்டைத் தொகுதி ஆண்களில் பெரும்பாலானவை முட்டையிலேயே மடிகின்றன. பிழைப்பவையும் ஏறக்குறைய மலடு.

இதன் பொருள் என்னவெனில், ஆய்வுக்கூடத்தில் ஓர் இணையிலிருந்து கூட்டம் வளர்த்தால், உடன்பிறந்தவை கூடும்போது அவ்விணைகளில் சரிபாதியில் இந்த விபத்து நேரும். அத்தகைய இணையின் கருவுற்ற முட்டைகளில் பாதி வீண். வடிவங்கள் குறையக் குறையப் பெண்கள் குறையும். பெண்கள் குறைந்தால் வயலில் வேலை நடக்காது. புழுவைத் தேடிச் சென்று முட்டையிடுவது பெண்தான். கூடுவதைத் தவிர ஆணுக்கு வேறு பணியில்லை. (இதே பிரக்கான் குளவியை 1967-இல் அமெரிக்கா செயற்கைக்கோளில் ஏற்றி விண்வெளிக்கும் அனுப்பியது. கதிரியக்கம் மரபணுவை என்ன செய்கிறது என்று பார்க்கவே அந்தப் பயணம்.)

மாவுப்பூச்சியை அடக்கிய மூன்று குளவிகளும் வேறொரு பெரும் பிரிவைச் சேர்ந்தவை. கால்சிட் எனப்படும் அந்தப் பிரிவில், ஆராயப்பட்ட இனங்களில் மேற்சொன்ன விதி காணப்படவில்லை. அண்ணனும் தங்கையும் கூடினாலும் கருவுற்ற முட்டை பெண்ணாகவே வளர்கிறது. அப்படியெனில் பெண் என்பதை எது முடிவு செய்கிறது? ஈக்களின் கூட்டுப்புழுவைத் தாக்கும் 'நேசோனியா' என்ற கால்சிட் குளவியில் இதற்கு விடை கிடைத்தது. அதன் மூன்று இனங்களின் மரபணுத் தொகுப்பு 2010 ஜனவரியில் வெளியானது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2020-இல், நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட குழு, பெண்மைக்குச் சாவியான மரபணுவைக் கண்டறிந்தது. அந்த மரபணுவின் தாய்வழிப் படி வாய் பூட்டப்பட்டிருக்கும். தந்தைவழிப் படி மட்டுமே பேசும். தந்தை உண்டென்றால் பெண், இல்லையேல் ஆண். வடிவங்கள் ஒத்துப்போனாலும் கவலையில்லை. பராகுவேயிலிருந்து புறப்பட்ட வம்சம் இத்தனை குறுகிய வாசல்களைக் கடந்ததற்கு இத்தகைய ஏற்பாடே துணை நின்றிருக்க வேண்டும் என்பது வல்லுநர்களின் கணிப்பு.

இதே ஏற்பாட்டை வேறொருவரும் பயன்படுத்திக்கொள்கிறார். 'வோல்பேக்கியா' என்னும் பாக்டீரியா, பூச்சிகளின் செல்லுக்குள் வாழ்ந்து, முட்டை வழியே தாயிடமிருந்து சேய்க்குச் செல்வது. விந்தில் அது பயணிக்க இயலாது. ஆண் பிறந்தால் அதற்கு முட்டுச்சந்து. ஆகவே சில 'டிரைக்கோகிரம்மா' முட்டை ஒட்டுண்ணிகளில் அது, கருவுறாத முட்டையின் குரோமோசோம்களையே இரட்டிக்கச் செய்து பெண்ணாக்கிவிடுகிறது. கூட்டம் முழுவதும் பெண்கள். 1990-இல் ஸ்டவுட்ஹாமரும் சகாக்களும் இக்குளவிகளுக்குக் கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தபோது ஆண்கள் மீண்டும் பிறந்தன! பிரக்கானில் இந்தத் தந்திரம் பலிக்காது: இரட்டித்த ஒரே வடிவம் அங்கே ஆணையே தரும்.

அளந்து பெறும் தாய்

கருவுறுவதைப் பொறுத்தே பாலினம் என்பதால், அதை முடிவு செய்வது தாயின் கையில் இருக்கிறது. கூடியபோது பெற்ற விந்தை உடலுக்குள் ஒரு பையில் சேமித்து வைத்திருக்கும் பெண் குளவி, முட்டையிடும் நொடியில் அதைத் திறக்கலாம், மூடலாம். எப்போது திறப்பது என்பதில்தான் அதன் சாமர்த்தியம்.

மரவள்ளிக் குளவி, மாவுப்பூச்சியின் மேல் ஏறி உணர்கொம்புகளால் தடவி அளவு பார்க்கிறது. சிறிய பூச்சி என்றால் மகன். பெரியது என்றால் மகள். மகளுக்குத் தீனி அதிகம் வேண்டும். பெரிய மகளே நிறைய முட்டையிடுவாள். ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. வளர்ப்புக் கூடங்களுக்கும் இதில் பாடம் உண்டு. வளர்ச்சி குன்றிய மாவுப்பூச்சிகளைக் கொடுத்துக் குளவி வளர்த்தால் எண்ணிக்கை குறையாது; ஆனால் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஆணாக இருக்கும். பதிவேட்டில் ஆயிரம், வயலில் அதன் பயன் சில நூறு.

பிரிட்டனின் டபிள்யூ.டி. ஹாமில்டன் 1967-இல் இதன் இன்னொரு பக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். பிறந்த இடத்திலேயே உடன்பிறந்தோர் கூடும் இனங்களில், ஒரு தாய் தனியே முட்டையிட்டால் மகன்கள் மிகச் சிலரே போதும். அதே இடத்தில் வேறொரு தாயும் முட்டையிட்டால் மகன்களைக் கூட்டுவதே இலாபம். நேசோனியா ஏறக்குறைய இந்தக் கணக்கின்படியே நடக்கிறது. கணக்குப் பாடம் படிக்காத பூச்சி, இயற்கைத் தேர்வின் பள்ளியில் தேறியிருக்கிறது.

கத்தியும் நஞ்சும் வைரஸும்

ஓர் உயிரின் உள்ளிருந்து அதையே தின்று, இறுதியில் கொன்று வெளியேறும் இந்த வாழ்க்கை முறை பலரையும் திடுக்கிட வைத்தது. கருணைமிக்க கடவுள் இத்தகைய குளவிகளை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என 1860-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார் சார்லஸ் டார்வின். தாங்கி நிற்கும் உயிரை, அதாவது ஓம்புயிரியை, சாகவிடாமல் வாழும் பேன் போன்ற ஒட்டுண்ணிகளிலிருந்து இவை வேறுபடுவது இந்தக் கொலையில்தான்.

நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, இப்பூச்சிக் குலத்தில் இந்த முறை ஒரே ஒருமுறைதான் தோன்றியது என்றும், அது 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்றும் கண்டது. இலை தின்னும் புழுக்களைக் கொண்ட பழங்குலத்தில், மரத்தைத் துளைத்து முட்டையிட்ட ஒரு கிளை, மரத்துக்குள்ளிருந்த வேறு புழுக்களின் மேல் முட்டையிடத் தொடங்கியது. பின்னர் வந்த தேனீயும் எறும்பும் அந்தக் கொலைகார மூதாதையின் வாரிசுகளே. நம்மைக் கொட்டும் தேனீயின் கொடுக்கு, முன்பு முட்டையிடும் ஊசியாக இருந்ததுதான். ஆண் தேனீ கொட்டாததன் காரணமும் அதுவே.

அந்த ஊசி சாதாரணமானதல்ல. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அங்கத்தனையும் புழு என்போம். உண்மையில் அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை குளவிகள். மகரந்தம் சேர்க்க உள்ளே நுழையும் குளவி ஒன்று. அத்தியின் சுவரை வெளியிலிருந்தே துளைத்து, உள்ளே வளரும் குளவிகளின் மேல் முட்டையிடும் ஒட்டுண்ணி இன்னொன்று. பின்னதன் ஊசி முனையில் பற்கள் இருப்பதையும், அவை துத்தநாகம் ஏறிக் கடினமாகி இருப்பதையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினர். மயிரிழையை விட மெல்லிய துளைக்கருவி.

துளைத்தால் மட்டும் போதாது. புழுவின் இரத்த அணுக்கள் அன்னிய முட்டையைச் சூழ்ந்து மூச்சடைத்துக் கொன்றுவிடும். இதை முறியடிக்கப் பெரும்பாலான குளவிகளுக்கு நஞ்சு உண்டு. நேசோனியாவையும் அதன் உறவினங்களையும் ஆராய்ந்தவர்கள் 2017-இல் கண்டது, நஞ்சுக்கென்று புதிய மரபணுக்கள் பெரிதாக உருவாகவில்லை என்பதே. உடலின் வேறு பணிகளில் இருந்தவை நஞ்சுச் சுரப்பியில் வேலைக்கு அமர்த்தப்படுகின்றன. தேவை தீர்ந்தால் பழைய பணிக்கே திரும்புகின்றன. ஓம்புயிரி மாறினால் நஞ்சும் விரைவில் மாறக் காரணம் இதுவே.

பிரக்கோனிட் குளவிகளில் ஒரு கிளையோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. முட்டையோடு சேர்த்து வைரஸ் துகள்களையும் புழுவுக்குள் செலுத்துகிறது. அவை புழுவின் நோய் எதிர்ப்பை முடக்குகின்றன. இத்துகள்கள் 1981-லேயே ஆராயப்பட்டிருந்தாலும், அவற்றின் மூலம் 2009-இல்தான் பிரெஞ்சு விஞ்ஞானிகள் குழுவால் தெளிவானது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாதைக் குளவியைத் தொற்றிய வைரஸ், அதன் குரோமோசோமிலேயே குடியேறிவிட்டது. இன்று அந்த வைரஸ் குளவியின் சொத்து; சினைப்பையில் மட்டும் உருவாகிறது; புழுவுக்குள் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு இல்லை. மரபணு மாற்றத்தை ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்பு என்று நினைப்போருக்கு இச்செய்தி சற்றே அதிர்ச்சி தரலாம். வட இந்தியாவின் கொண்டைக்கடலை வயல்களில் காய்ப்புழுவை இளம் பருவத்திலேயே கொல்லும் 'கேம்போலெட்டிஸ் குளோரிடே' குளவியும் இதைப் போன்ற வைரஸைச் சுமப்பதே. அது வேறொரு குடும்பம். அங்கே வைரஸ் வந்த வழியும் தனி.

நியூசிலாந்து கண்ட தோல்வி

குளவியை வெளியிட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்று நம்பியிருந்தவர்களை நியூசிலாந்து எச்சரித்தது. மேய்ச்சல் நிலங்களின் புல்லைத் தின்ற அர்ஜென்டினா கூன்வண்டுக்கு எதிராக, தென் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த 'மைக்ரோக்டோனஸ் ஹைப்பரோடே' குளவி அங்கு 1991-இல் வெளியிடப்பட்டது. முதலில் நல்ல வெற்றி. சில ஆண்டுகள் சென்றபின், தாக்கப்படும் வண்டுகளின் விகிதம் நாடெங்கும் சரிவதை ஆய்வாளர்கள் கவனித்தனர். பல இலட்சம் மாதிரிகள் அல்ல, ஆண்டுதோறும் சேர்த்த களப்பதிவுகளே இதைக் காட்டின. முடிவு 2017-இல் வெளியானது. வண்டு குளவிக்கு ஈடுகொடுக்கக் கற்றுவிட்டது என்பதே அதன் சாரம்.

காரணத்தைத் தேடினால் மீண்டும் பிறப்பு விதிக்கே வருகிறோம். அந்தக் கூன்வண்டில் ஆணும் பெண்ணும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக்கள் புதிதாகக் கலக்கின்றன. அவற்றில் தப்பிக்கும் கலவை தேர்ந்தெடுக்கப்படுகிறது. குளவியோ ஆணின்றிப் பெண்ணையே பெறும் இனம். மகள் தாயின் நகல். எதிரி சீட்டுகளைக் கலைத்துப் போட்டு ஆடும்போது, இது ஒரே சீட்டை வைத்து ஆடியது. மேலும், ஒரே புல்லை விதைத்த பரந்த வெளிகளில் வண்டைத் தாக்க வேறு எதிரிகளும் இல்லை.

மரவள்ளியில் நிலைமை நேர்மாறு. அங்கே மாவுப்பூச்சிதான் ஆணில்லா இனம். தாய் தன் நகல்களையே நூற்றுக்கணக்கில் இடுகிறது. குளவியிலோ ஆண், பெண் இரண்டும் உண்டு. ஆப்பிரிக்காவில் 40 ஆண்டுகள் கடந்தும் இக்குளவி கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்தியாவுக்கு அடுத்து எந்தக் குளவியை வரவழைப்பது என்று முடிவெடுப்போர், அது எந்தப் பூச்சியைத் தின்னும் என்பதுடன் இருதரப்பின் பிறப்பு விதியையும் கோப்பில் முதல் பக்கத்திலேயே எழுதி வைப்பது நல்லது. பெண்களை மட்டுமே பெறும் கூட்டம் வளர்ப்போருக்கு மலிவு. பத்தாண்டு கழித்து விவசாயிக்கு அது செலவாக முடியலாம்.

நம் நாட்டில் மிக அதிகமாக விற்கப்படும் குளவி, அரை மில்லிமீட்டர் அளவேயான டிரைக்கோகிரம்மா. அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இதை வளர்த்து, கரும்பிலும் நெல்லிலும் கட்டிவிடுகின்றனர். ஒரு கன சென்டிமீட்டர் அட்டையில் சுமார் 20,000 முட்டைகள். விவசாயி அட்டையின் விலையைப் பார்க்கிறார். அதிலிருந்து வெளிவருவதில் எத்தனை பெண் என்பதை வெறுங்கண்ணால் அறிய அவருக்கு வழியில்லை. கூடத்திலேயே பல தலைமுறை வளர்ந்த கூட்டம், அந்துப்பூச்சி முட்டைக்கும் குளிர்ந்த அறைக்கும் பழகிவிடும். வெயிலில் பறந்து தண்டுத் துளைப்பானின் முட்டையைத் தேடும் திறன் அதற்குக் குறையும். இதுவும் பரிணாமமே, நமக்கு வேண்டாத திசையில். வயலில் இருந்து புதிய குளவிகளை அவ்வப்போது பிடித்துக் கூட்டத்தில் கலக்க வேண்டும் என்று வல்லுநர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

வேண்டிய திசையில் செலுத்தவும் இந்தியாவில் முயன்றனர். பெங்களூரில், அப்போது உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம், டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் குளவிகளைத் தலைமுறை தலைமுறையாக எண்டோசல்ஃபான் மருந்துக்கு உட்படுத்தி, பிழைத்தவற்றை மட்டும் பெருக்கி, மருந்தைத் தாங்கும் 'எண்டோகிராம்' என்ற வகையை உருவாக்கியது. விவசாயி மருந்து அடிப்பதை நிறுத்தப்போவதில்லை. குளவியையாவது அதற்குப் பழக்குவோம் என்பது அதன் நோக்கம். மரபணுவில் கைவைக்காமல், தேர்வு ஒன்றினாலேயே கிடைத்த வெற்றி. ஆனால் 2011 மே மாதம் எண்டோசல்ஃபானுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. குளவி பழகிக்கொண்ட நஞ்சு சந்தையிலிருந்தே போய்விட்டது. அதே முறையில் அங்கு உருவான இன்னொரு வகை, அதிக வெப்பத்தைத் தாங்குவது. வட மாநிலங்களின் கரும்பு வயல்களில் கோடை கடுமையாகிவரும் நிலையில், இனி அதிகம் தேவைப்படப் போவது அதுதான்.